கரண்ட் பில்லில் ஒளிந்திருக்கும் கரிப்புகை

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் சிறிது தூரம் போனால் இஞ்சிவிளை. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பமாகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பஸ்ஸின் நிறம் மாறுகிறது. மின்கம்பத்தின் சொந்தக்காரரும் மாறுகிறார்: அப்பக்கம் தமிழ்நாட்டு மின்வாரியம், இப்பக்கம் கேரள மின்வாரியம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றபோது ஏற்பட்ட எல்லை இது. எந்த விஷயமானாலும் இங்கே இரண்டு கணக்கு உண்டு.

இரண்டாகப் பிரிக்க முடியாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. அது புகைக் கணக்கு. பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையும் களியக்காவிளையில் இன்னொரு ஜவுளிக்கடையும் ஒரே அளவு மின்சாரத்தைச் செலவழித்தால், ஆகாயத்தில் சேரும் கரியமில வாயுவும் ஒரே அளவுதான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கணக்கப்பிள்ளையின் மேஜை டிராயரில் கிடக்கும் பன்னிரண்டு மாதக் கரண்ட் பில் போதும்.

புகைபோக்கி இல்லாத புகை

செங்கல் சூளை புகைகிறது, லாரி புகைகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை புகைகிறது என்றால் நம்ப மாட்டோம். ஆனால் அந்தக் கடையின் ஏ.சி. ஓடுவதற்கு எங்கேயோ ஒரு அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. கடை இங்கே, புகை அங்கே, அவ்வளவுதான் வித்தியாசம். உலகில் எரிபொருள், மின்சார உபயோகத்தால் உண்டாகும் கரியமில வாயுவில் சுமார் நான்கில் ஒரு பங்கு, வீடுகள் உள்பட எல்லாக் கட்டடங்களின் அன்றாட நடப்புக்காகவே உண்டாகிறது என்று சர்வதேச எரிசக்தி அமைப்பின் கணக்கு சொல்கிறது.

வியாபாரக் கட்டடம் என்றதும் பெரிய மால்கள் மட்டுமே நினைவுக்கு வர வேண்டியதில்லை. பாங்குக் கிளை, நகைக்கடை, ஜவுளிக்கடை, ஓட்டல், லாட்ஜ், தனியார் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு எல்லாம் இதில் அடங்கும். நெய்யாற்றின்கரை முதல் களியக்காவிளை வரை சாலையின் இருபுறமும் இவைதான் நிறைந்திருக்கின்றன. இவற்றில் வேலை பார்க்கும் தமிழர்களும் ஏராளம்.

கணக்கு போடும் முறை

உலகம் முழுவதும் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டில் இரண்டு சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த முறை அது. புகையை அது மூன்று கூறாகப் பிரிக்கிறது. முதலாவது, கட்டடத்துக்குள்ளேயே நாம் எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், சமையல் காஸ், ஏ.சி.யிலிருந்து கசியும் வாயு. இரண்டாவது, விலைக்கு வாங்கும் மின்சாரம். மூன்றாவது, மற்றவை: சரக்கு வரும் லாரி, கட்டடம் கட்டிய சிமெண்ட் முதலியன. ஒரு சாதாரணக் கடைக்கு முதல் இரண்டையும் சரியாகக் கணக்கிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கிறது. கைக்கணக்குக்கு 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. ஓட்டல்களில் உபயோகிக்கும் 19 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ. எரிந்த காஸைவிட வெளிவரும் வாயுவின் எடை எப்படிக் கூடும் என்று கேட்கலாம். எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயு வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த எடைதான் கூடுதல்.

உதாரணத்துக்கு ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று மாடி, மொத்தம் 5,400 சதுர அடி, அதாவது சுமார் 500 சதுர மீட்டர். மாதம் சராசரி 5,000 யூனிட் ஆகிறது என்றால் வருஷத்துக்கு 60,000 யூனிட். 0.7 ஆல் பெருக்கினால் 42,000 கிலோ, அதாவது 42 டன். கரண்ட் போகும் நேரத்தில் ஓடும் ஜெனரேட்டருக்கு வருஷத்துக்கு 600 லிட்டர் டீசல் என்றால் இன்னும் 1.6 டன்.

பலர் மறந்துவிடும் இனம் ஒன்று இருக்கிறது. பழைய ஏ.சி.களில் ஆர்-22 என்ற வாயு இருக்கிறது. அது ஒரு கிலோ கசிந்து வெளியேறினால், சுமார் 1.8 டன் கரியமில வாயு செய்யும் அதே வெப்பக் கெடுதலை அது செய்யும். நமது ஜவுளிக்கடையில் வருஷத்துக்கு இரண்டு கிலோ காஸ் நிரப்பினார்கள் என்றால், அதற்கு முன் இரண்டு கிலோ கசிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் பங்கு 3.6 டன்! ஜெனரேட்டரின் கறுப்புப் புகையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அதைவிட இருமடங்குக்கு மேல் கெடுதல், சத்தமில்லாமல் குழாய் மூட்டில் கசிந்து போகிறது. மெக்கானிக்கின் காஸ் நிரப்பிய ரசீதையும் பைலில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றையும் கூட்டினால் 47 டன். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 94 கிலோ. இதுதான் அந்தக் கடையின் புகை ஜாதகம்.

இடுக்கித் தண்ணீர் கரண்ட் ஆயிற்றே?

கேரளக் கடைக்காரர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். எங்கள் கரண்ட் தண்ணீரிலிருந்து வருகிறது. பள்ளிவாசல் 1940-லேயே ஓடத் தொடங்கியது, இடுக்கி 1976-லிருந்து ஓடுகிறது. எங்களுக்கு எதற்கு நிலக்கரிக் கணக்கு?

கேரளத்தில் நீர்மின்சாரம் உண்டு என்பது உண்மையே. ஆனால் மாநிலத்தின் தேவையில் பாதிக்கும் மேலானது வெளியிலிருந்து வருகிறது. அதில் நிலக்கரி மின்சாரமும் உண்டு, கூடங்குளம் அணுமின்சாரமும் உண்டு. தவிர, 2013 டிசம்பர் 31-ஆம் தேதி தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் தெற்குக்குத் தனி எண், மற்றப் பகுதிகளுக்குத் தனி எண் என்று ஆணையம் கணக்கிட்டு வந்தது. இப்போது நாடு முழுவதற்கும் ஒரே எண். ஆரல்வாய்மொழியில் காற்றாடி சுற்றினாலும், இடுக்கியில் சக்கரம் சுழன்றாலும், வடக்கே நிலக்கரி எரிந்தாலும் எல்லாம் ஒரே குளத்தில் விழுந்த தண்ணீர்தான். எந்தக் குடத்தில் எந்த மடையின் தண்ணீர் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அதனால் இஞ்சிவிளைக்கு இப்பாலும் அப்பாலும் பில்லின் மொழி வேறு, கட்டண விகிதம் வேறு. புகை விகிதம் ஒன்று.

ஒப்பிட்டால்தான் தெரியும்

47 டன் என்பது அதிகமா, குறைவா? தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பிள்ளையின் எடை இருபது கிலோ என்று சொன்னால், வயது என்ன, உயரம் என்ன என்று டாக்டர் கேட்பார் அல்லவா? அதுபோலத்தான். கட்டடத்துக்கு உயரம் என்பது அதன் தரைப்பரப்பு. வருஷ யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். நமது ஜவுளிக்கடைக்கு அது 120.

பக்கத்தில் இன்னொரு ஜவுளிக்கடை. 1,500 சதுர மீட்டர், வருஷத்துக்கு 1,20,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் தொகை இவரைப் போல இரண்டு மடங்கு. ஆனால் வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 80 யூனிட்தான். பெரிய பில் கட்டுகிறவர் சிக்கனக்காரர்; சின்ன பில் கட்டுகிறவர் வீணடிப்பவர். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இந்த உண்மை வெளியே வராது.

மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன் கீழ் 2002-இல் எரிசக்திச் சிக்கன அலுவலகம் ஏற்பட்டது. ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நட்சத்திர முத்திரை ஒட்டும் அதே அலுவலகம்தான். 2009-இல் அது ஆபீஸ் கட்டடங்களுக்கும் நட்சத்திரத் திட்டம் கொண்டுவந்தது. தேசத்தைத் தட்பவெப்பப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அளவுகோல் வைத்தார்கள். கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரம் மாவட்டமும் வெப்பமும் ஈரமும் கலந்த ஒரே பிரிவில் வருகின்றன. இதிலும் எல்லை இல்லை!

அந்த 2009-ஆம் ஆண்டு அளவுகோலின்படி, இந்தப் பிரிவில் பாதிக்கும் மேல் குளிர்சாதனம் செய்த ஆபீஸ், வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 175 முதல் 200 யூனிட் வரை செலவழித்தால் ஒரு நட்சத்திரம். 100-க்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். பாதிக்கும் குறைவாகக் குளிர்சாதனம் உள்ள ஆபீசுக்கு 75 முதல் 85 வரை ஒரு நட்சத்திரம். 45-க்குக் கீழே ஐந்து. இரண்டு அட்டவணைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள். 120 யூனிட் என்பது முழுக் குளிர்சாதன ஆபீசுக்கு நான்கு நட்சத்திரம். மின்விசிறி மட்டும் சுற்றும் ஆபீசுக்கு அட்டவணையிலேயே இடமில்லை. ஆகவே இனத்தை இனத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஓட்டல் அடுக்களையைப் பாங்குக் கவுண்டரோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இரவும் பகலும் ஆள் வேலை செய்யும் கால் சென்டர்களுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும், மால்களுக்கும் தனித்தனி முறைகள் வகுத்தது இதனால்தான்.

வெளிநாடுகளில் இது இன்னும் கண்டிப்பாகிவிட்டது. ஆஸ்திரேலியா 1990-களின் இறுதியிலேயே ஆபீஸ் கட்டடங்களைப் புகைக் கணக்கின்படி தரம் பிரிக்க ஆரம்பித்தது. நியூயார்க் நகரில் 2019-இல் ஒரு சட்டம் வந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் புகை வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம்.

நமது நாட்டில் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை உள்ள புதிய கட்டடங்கள் சிக்கன விதிகளுக்கு உட்பட வேண்டும்; அந்த வரம்பை இன்னும் குறைக்கும் அதிகாரம் மாநில சர்க்காருக்கு உண்டு. எல்லைக் கிராமக் கடைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழே இருப்பவை. இன்று யாரும் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை. கேட்கிற நாள் வரும்போது பழைய பில்களைத் தேடி அலைவதைவிட, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுவது புத்திசாலித்தனம்.

பக்கத்திலேயே வழிகாட்டிகள்

இந்த வேலையை ஊர் முழுவதற்குமாகச் செய்தவர்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்து 2016-இல், தன் எல்லைக்குள் உண்டாகும் கரியமில வாயு எவ்வளவு, மரமும் மண்ணும் இழுத்துக்கொள்வது எவ்வளவு என்று கணக்கெடுக்கும் முயற்சியைத் தொடங்கியது. மரத்தை வெட்டாமல் வளர்ப்பவருக்கு அதை அடகாக வைத்துக் கடன் தரும் திட்டமும் அங்கே வந்தது. நெய்யாற்றின்கரைக்கு அடுத்துள்ள காட்டாக்கடைச் சட்டமன்றத் தொகுதியிலும், புகைக் கணக்கைச் சமன் செய்யும் நோக்கத்தோடு திட்டம் ஒன்று நடத்தப்படுகிறது. கேரளத்தில் இந்த விஷயங்களைக் கவனிக்கும் அமைப்பு, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள எரிசக்தி மேலாண்மை மையம். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு மின் ஆய்வுத் துறையைச் சேர்ந்தது.

கணக்கில் வரும் கள்ளங்கள்

எந்தக் கணக்கிலும் கள்ளம் புகுவது போல இதிலும் புகும். கவனிக்க வேண்டியவை சில.

பில் ஒரு மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். பணத்தை எழுதாமல் யூனிட்டை எழுத வேண்டும். கட்டண விகிதம் அடிக்கடி மாறும், யூனிட் மாறாது. பரப்பைச் சதுர அடியில் சொன்னால் 10.76 ஆல் வகுத்துச் சதுர மீட்டர் ஆக்க வேண்டும். மொட்டை மாடியையும் கார் நிறுத்தும் இடத்தையும் சேர்த்துப் பரப்பைக் கூட்டிக் காட்டினால் எண் குறைந்துவிடும், கட்டடம் நல்லதாகிவிடாது. பாதி மாடி பூட்டிக் கிடந்தாலும் எண் குறையும். அது வியாபாரம் படுத்ததற்கு அடையாளமே தவிர சிக்கனத்துக்கு அல்ல. மாடிக்கு ஒரு மீட்டர் இருந்தால் எல்லா மீட்டரையும் கூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான கள்ளம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வரும் ஹாலில் குளிர்சாதனம் குறையாமல் ஓடும். பின்புறக் கிடங்கில் துணி மடிக்கும் தொழிலாளிக்கு மட்டும் மின்விசிறி நிறுத்தப்படும். எண் குறைந்துவிட்டது என்று முதலாளி மகிழலாம். இது சிக்கனம் ஆகாது. தொழிலாளியின் வியர்வையில் செய்த மிச்சம். கடை ஊழியர் வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டமாக்கின. உட்கார நாற்காலி உரிமை என்றால், அந்த நாற்காலிக்கு மேலே காற்றும் நியாயமானதே. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் அதன் மின்செலவில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்று எரிசக்திச் சிக்கன அலுவலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படி விதியும் வந்திருக்கிறது. திறந்தே கிடக்கும் கண்ணாடிக் கதவு, கடை மூடிய பிறகும் எரியும் விளம்பரப் பலகை, அடைபட்ட ஏ.சி. வடிகட்டி: மீட்டரை ஓட வைப்பவை இவைதான். தொழிலாளியின் மின்விசிறியில் என்ன பெரிய செலவு?

பில்லில் ஏறாத புகையும் உண்டு. குமரி மாவட்டத்து மலைகளை உடைத்த கல்லும் மணலும் லாரி லாரியாகக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போவதை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிமெண்ட் சுடுவதிலும் ஏராளமான கரியமில வாயு வெளியேறுகிறது. கடை திறக்கும் முன்பே கட்டடம் ஒரு பெரும் புகைக் கடனோடுதான் நிற்கிறது. நன்றாக நிற்கும் பழைய கட்டடத்தை இடிக்காமல் செப்பனிடுவதும் ஒரு சிக்கனம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கடலோரத்தின் பங்கு

ஒரு கடையின் 47 டன்னால் உலகமா முழுகிவிடும் என்று கேட்கத் தோன்றும். இந்த எல்லையின் தென்கோடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இப்பக்கம் கேரளத்தின் பொழியூர். அப்பக்கம் தமிழ்நாட்டின் நீரோடி. இரண்டு ஊரிலும் கடலரிப்பால் வீடிழந்தவர்கள் இருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது இருபுறத்து மீனவர்களும் கடலில் உயிரிழந்தார்கள். ஒரு புயலை ஒரு கடையின் ஏ.சி.யோடு முடிச்சுப் போட முடியாது. கடலரிப்புக்கும் பல காரணங்கள் உண்டு. ஆனால் அரபிக்கடல் சூடேறி வருகிறது, கடல் மட்டம் உயர்ந்து வருகிறது, இரண்டுக்கும் காரணம் உலகெங்கும் சேர்ந்த இந்தப் புகைதான் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை இல்லை. துளித்துளியாகச் சேர்ந்ததைத் துளித்துளியாகத்தான் குறைக்க வேண்டும். துளியை அளக்காமல் குறைக்க முடியாது.

அளக்கும் வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கட்டடத்தின் சொந்தக்காரருக்குப் பில் தொகை மட்டும் தெரியும்; கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குத்தான் யூனிட் தெரியும். எந்த மாதம் ஜெனரேட்டர் அதிகம் ஓடியது என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். எந்த ஏ.சி.க்கு அடிக்கடி காஸ் நிரப்புகிறார்கள் என்பது எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். இந்த மூவரும் பெரும்பாலும் நம்மவர்கள்.

ஒரு நோட்டு, ஐந்து பத்தி. மாதம், யூனிட், டீசல் லிட்டர், காஸ் சிலிண்டர், ஏ.சி.யில் நிரப்பிய வாயுவின் எடை. நோட்டின் முதல் பக்கத்தில் கட்டடத்தின் சதுர மீட்டர். பன்னிரண்டு வரி நிரம்பியதும் கூட்டி வகுத்துப் பார்த்து, அடுத்த வருஷத்து எண்ணை இதன் பக்கத்தில் எழுத வேண்டும். முதலாளியிடம் ஏ.சி. பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட, இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னே வைப்பது நன்றாக வேலை செய்யும். பில்லைக் கட்டுகிறவர் அவர்தானே!